ஆறடிக்கு இரண்டடி

கோலி என்பார்கள் இங்கே, வீட்டை.
பத்துக்குப் பதினொன்று.
தாராவியில் தொண்ணூறு அடிச் சாலைக்குப் பின்னால்,
தோல் பட்டறையைத் தாண்டி இரண்டாவது சந்து.
எட்டுப் பேர்.

பாய் விரிக்க ஒரு கணக்கு உண்டு.
மாமியார் கதவோரம், ராத்திரியில் மூன்று முறை எழுவார்.
கொழுந்தன்மார் இருவரும் ஒருவர் தலைக்கு ஒருவர் கால்.
பிள்ளைகள் மூன்றும் குறுக்கே,
கட்டுக்கு அடங்காத விறகு மாதிரி.
அடுப்பு மேடைக்குக் கீழே நான்.
அவருக்கு,
பீரோவுக்கும் சிலிண்டருக்கும் நடுவில்
ஆறடிக்கு இரண்டடி.
அவர் புரண்டால் பீரோ முனகும்.
அவர் தூங்கவில்லை என்பதை
அந்தச் சத்தம்தான் எனக்குச் சொல்லும்.

மூன்றாவதோடு சயான் ஆஸ்பத்திரியில்
ஆபரேஷன் முடித்துக்கொண்டேன்.
இனிமேல் உன் வீட்டில் கூட்டம் கூடாது என்று
தையல் பிரிக்கையில் சொன்னாள் நர்ஸ்.
வாயில் நல்ல வார்த்தைதான்.
கூட்டம் பிரசவ வார்டு வழியாக மட்டுமா வருகிறது?
ஒவ்வொரு நாளும் காலையில் தாதர் ஸ்டேஷனில்
ரெக்ஸின் பையோடு இறங்குகிறதே.

மஸ்ஜித் பந்தரில், சுற்றாத ஃபேனுக்கு அடியில்
ஏஜெண்ட் லோபோ விளக்கினான்:
"இங்கே ஆள் மிச்சம், அங்கே ஆள் பற்றாக்குறை.
தண்ணீர் மாதிரிதான்.
மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போகும்."
என் சங்கிலியையும்
எடுக்காத சீட்டில் தள்ளி எடுத்த பணத்தையும்
எண்ணி வைத்தபோது நினைத்தேன்,
தண்ணீர் யாருக்கும் கமிஷன் கொடுத்து ஓடியதில்லை.

குர்லாவில் வெல்டிங் பரீட்சை.
இரண்டு தகட்டை ஒன்றாக்கிக் காட்டினார், தேறிவிட்டார்.
தோஹாவுக்குப் போனார்.

மூன்று ராத்திரி அந்த இடத்தில் யாரும் படுக்கவில்லை.
நாலாம் நாள் சின்னவள் தூக்கத்தில் உருண்டு போய்ச் சேர்ந்தாள்.
ஒன்பதாம் நாள்
மாமியாரின் தங்கை மகன் ஆதிமூலம்
அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து நின்றான்.
ஒரு மாசம்தான், சித்தி பிள்ளை, என்றார் மாமியார்.
எந்த மாசம் என்று நான் கேட்கவில்லை.

வீடியோவில் அவர் முகாமைக் காட்டினார்.
அறைக்குப் பன்னிரண்டு பேர். இவருக்கு மேல் கட்டில்.
"அளந்து பார்த்தேன், அகலம் இரண்டேகால்"
என்று சிரித்தார்.
கடல் தாண்டிப் போய்
கால் அடி சம்பாதித்திருக்கிறார் மனுஷன்.
பணமும் வருகிறது, குறை சொல்ல மாட்டேன்.
பெரியவனுக்கு ஃபீஸ் கட்டினேன்.
சங்கிலி மட்டும் இன்னும் வரவில்லை.

கணக்கெடுக்க ஒருத்தி வந்தாள், மராத்தி டீச்சர்.
வீட்டில் எத்தனை பேர்?
அவரைச் சொன்னேன். அடித்தாள்.
ஆறு மாசத்துக்கு மேல் வெளியே இருந்தால் சேராதாம்.
"அப்படியானால் அங்கே எழுதுவார்களா?"
அவளுக்குத் தெரியவில்லை, பாவம்,
இன்னும் நாற்பது கோலி பாக்கி.
ஆதிமூலத்தைக் கேட்டு எழுதிக்கொண்டாள்.
கூட்டினால் எட்டு.
எண் சரி.

இருபத்தாறு மாசம் கழித்து லீவில் வந்தார்.
சாக்லேட், கம்பளி, கயிறு கட்டிய டிவி.
டிவியை வைக்கக் கொழுந்தன் ஒருவன் எழுந்து நிற்கவேண்டியிருந்தது.
ராத்திரி பத்தரைக்கு
சுருட்டிய பாயோடு எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.
ஆதிமூலம் எழப்போனான்.
அவர் அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.
புழுக்கமா இருக்கு, வெளியே காத்து வரும் என்றார்.
சந்தில் நிறுத்திய கைவண்டியின் மேல்
கம்பளியை விரித்துக்கொண்டார்.
நாற்பது நாளில் முப்பத்தொரு நாள் அப்படித்தான்.
மற்ற ஒன்பது நாள் மழை.

போய்விட்டார். காண்டிராக்ட் இரண்டு வருஷம் நீட்டிப்பு.

நேற்று நடுராத்திரி பீரோ முனகியது.
பழக்கத்தில் அவர் பேரைச் சொல்ல வாயெடுத்துவிட்டேன்.
கொஞ்ச நேரம் கழித்து மறுபடி.
புரண்டு படுக்கிறான் ஆதிமூலம்.
தூங்கவில்லை.

காலையில் டீ கொடுக்கும்போது
லோபோவின் விலாசம் கேட்பான்.